திடீர் திடீரெனக் கறுக்கும் திரை: கிராபிக்ஸ் செயலிழப்பின் காரணத்தைத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று கறுக்கிறது. சில நொடிகளில் திரும்பி வருகிறது, இல்லையென்றால் வருவதே இல்லை. ஒருநாள் நாலு முறை, அடுத்த மூன்று நாள் ஒன்றுமே இல்லை. இப்படி ஆனால் பெரும்பாலோர் போகும் பாதை ஒன்றுதான். முதலில் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) அப்டேட் செய்வார்கள். பிறகு விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புது கிராபிக்ஸ் கார்டு வாங்குவார்கள். புது கார்டிலும் திரை கறுத்த பிறகுதான் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மீது கண் போகும்.

இங்கே உள்ள வரிசைக்கு ஒரே விதிதான். செலவில்லாத, செய்ததைத் திருப்பிப் போட முடிகிற சோதனைகள் முதலில். திருகாணி கழற்றும் வேலை அதற்குப் பிறகு. காசு கடைசியில். விண்டோஸ் 10, 11 ஓடும் மேசைக் கணினியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். லேப்டாப்புக்கும் லினக்ஸுக்கும் மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## 1. தொடங்கும் முன் தயாராக வைக்க வேண்டியவை

முக்கியமான கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினி திரும்பத் திரும்பப் பாதியில் நின்றால் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தவை சிதையலாம்.

அடுத்தது பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவி. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், சேஃப் மோடுக்குள் (குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் நிலை) போகும்போதோ பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) கை வைத்த பிறகோ கணினி 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். பலருக்குத் தங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே அந்த நீலப் பக்கம் வந்த பிறகுதான் தெரியும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே எடுத்துக் காகிதத்தில் எழுதிவையுங்கள். கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கட்டும். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போவதுண்டு.

ஒரு பென் டிரைவில் இவை இருக்கட்டும்: உங்கள் கார்டுக்கான புதிய டிரைவர், சில மாதங்களுக்கு முந்தைய டிரைவர் ஒன்று, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சென்சார்களைப் படிக்கும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ. இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செய்யும் வேலை ஒன்று பின்னால் வருகிறது. அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டெல் மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்று இருந்தால் இல்லை. ரைசன் 7000 வரிசையில் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. அதற்கு முந்தைய மேசைக் கணினி ரைசன்களில் ஜி என்று முடிபவற்றில் மட்டும். இது பின்னால் பெரிய உதவியாக இருக்கும்.

## 2. எப்படி விழுந்தது (கிராஷ் ஆனது) என்று கவனியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். அதிகம் பேர் தாண்டிப் போவதும் இதைத்தான். "டிஸ்ப்ளே கிராஷ் ஆகுது" என்பது ஒரு கோளாறின் பெயர் அல்ல. ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் அந்த ஒரே வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

திரை கறுத்து, சில நொடிகளில் திரும்பினால்: விண்டோஸ் டிரைவரை மீட்டமைத்திருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த வேலை 2 நொடிக்குள் நகரவில்லை என்றால் கார்டு தொங்கிவிட்டது என்று முடிவு செய்து, விண்டோஸ் அதைத் திரும்பத் தொடங்கி வைக்கும். டிடிஆர் (TDR) என்று இதற்குப் பெயர். ஒரே நிமிடத்துக்குள் இப்படிப் பலமுறை நடந்தால் நீலத்திரையோடு கணினியையே நிறுத்திவிடும்.

திரை போய்விட்டது, சத்தம் மட்டும் தொடர்கிறது என்றால்: கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விசைப்பலகையில் விளக்கு மாறினால் கணினி உயிரோடு இருக்கிறது. அடுத்து விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். அது கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மீட்டமைக்கும். படம் திரும்பினால் டிரைவர், கேபிள், மானிட்டர் பக்கம் தேடலாம்.

திரை போய், கார்டின் விசிறிகள் முழு வேகத்தில் இரைந்தால்: கார்டு கணினியோடு பேசுவதையே நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மின்சாரம், வெப்பம், ஸ்லாட் தொடர்பு, கார்டின் உடல்நிலை, இந்த நான்கில் ஒன்று. டிரைவரை மாற்றி மாற்றிப் பொழுதைக் கழிக்க வேண்டாம்.

கணினியே அணைந்தால், அல்லது தானாக மறுபடி தொடங்கினால்: இதை கிராபிக்ஸ் கோளாறு என்று எடுத்த எடுப்பில் சொல்லக்கூடாது. முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீது, அடுத்தது பிராசசரும் ரேமும்.

புள்ளிகள், கட்டங்கள், கோடுகள் தெரிந்தால்: ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு கருவியில் திறந்து பாருங்கள். படத்திலும் அதே கோடுகள் இருந்தால் கோளாறு கார்டின் மெமரியிலோ வரைதலிலோ இருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால், வரைந்தது சரி, திரைக்குப் போகும் வழியில்தான் கெடுகிறது. கேபிள், போர்ட், மானிட்டர் ஆகியவற்றைப் பாருங்கள். விண்டோஸ் வருவதற்கு முன், பயாஸ் பக்கத்திலேயே கோடுகள் தெரிந்தால் விண்டோஸ் டிரைவருக்கு இதில் பங்கே இல்லை.

கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்தால்: முதலில் வேறு இரண்டு கேம்களில் பாருங்கள். ஒன்றில் மட்டும் நடந்தால் அந்த கேமின் கோப்புகளைச் சரிபாருங்கள். எல்லாவற்றிலும் நடந்தால் தொடர்ந்து படியுங்கள்.

விழுந்த நேரமும் பேசும். சுமை ஏறிய முதல் சில நொடிகளில் விழுந்தால் மின்சாரம். இருபது நிமிடம் ஓடி, சூடேறிய பின் விழுந்தால் வெப்பம். சும்மா இருக்கும்போது விழுந்தால் அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைத்து வைத்தது), மின்சேமிப்பு அமைப்புகள், கேபிள். தூக்கத்திலிருந்து எழும்போது மட்டும் என்றால் டிரைவர் அல்லது பயாஸ். இவை தீர்ப்புகள் இல்லை. எங்கே முதலில் தோண்டுவது என்று காட்டும் குறிப்புகள், அவ்வளவே.

## 3. கணினி எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள்

ஸ்டார்ட் பட்டியலில் ரிலையபிலிட்டி என்று தேடுங்கள். ரிலையபிலிட்டி மானிட்டர் திறக்கும். நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள் இருக்கும். அதில் லைவ் கெர்னல் ஈவென்ட் 141 அல்லது 117 என்று இருந்தால் கிராபிக்ஸ் கார்டு பதில் சொல்லாமல் நின்றதற்கான பதிவு அது. இந்தப் பதிவுகளுக்கு விண்டோஸ் வைக்கும் தலைப்பு வன்பொருள் கோளாறு என்று இருக்கும். அதைப் பார்த்துக் கார்டைத் தூக்கிப் போட வேண்டாம். டிரைவர் கோளாறிலும் இதே தலைப்புதான் வரும்.

பிறகு ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகள். அங்கே தேட வேண்டியவை மூன்று.

எண் 4101: டிஸ்ப்ளே டிரைவர் நின்று, மீண்டது. இதுதான் மேலே சொன்ன டிடிஆர்.

வீயா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் வரும் 17, 18, 19: பிராசசரோ, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையோ வன்பொருள் அளவில் பிழை கண்டிருக்கிறது. இவை இருந்தால் டிரைவர் படியைத் தள்ளிவைத்துவிட்டு நேரே 5, 9, 10-ஆம் படிகளுக்குப் போகலாம்.

கெர்னல் பவர் 41: கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றது. இதைத்தான் காரணம் என்று நினைத்து வாரக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. உங்கள் கணினி பாதியில் நின்றது உங்களுக்கே தெரியும். இந்த வரி அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

லினக்ஸில் முந்தைய தொடக்கத்தின் கெர்னல் பதிவை எடுத்துப் பாருங்கள். என்விடியா கார்டு என்றால் எக்ஸ்ஐடி என்ற சொல்லோடு ஒரு எண் வரும். 79 என்றால் கார்டு பஸ்ஸிலிருந்தே (கணினியோடு பேசும் பாதையிலிருந்தே) விழுந்துவிட்டது: மின்சாரம், வெப்பம், ஸ்லாட் பக்கம் போங்கள். ஏஎம்டி என்றால் ரிங் டைம்அவுட் என்று இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பதிவில் டிரைவர் கோப்பின் பெயர் இருக்கிறது என்பதற்காக டிரைவர்தான் குற்றவாளி என்று ஆகிவிடாது. காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தவரின் பெயரும்தான் ஏட்டில் முதலில் இருக்கும். கார்டு பதில் சொல்லவில்லை என்பதை முதலில் உணர்வது டிரைவர், அதனால் அதன் பெயர் பதிவாகிறது.

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள்: தேதி, நேரம், என்ன ஓடிக்கொண்டிருந்தது, எந்த வகை விழுகை, அதற்கு முன் கடைசியாக எதை மாற்றினீர்கள்.

## 4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், போதுமான காத்திருப்பு

சீரில்லாமல் வரும் கோளாறில் புதியவர்களை ஏமாற்றுவது நல்ல நாட்கள்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை, சராசரியாக, தாறுமாறான இடைவெளியில் விழும் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதையுமே மாற்றாவிட்டாலும், அடுத்த இரண்டு நாள் விழாமல் ஓட ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த இரண்டு நாளில் டிரைவரை மாற்றியிருந்தால் "டிரைவர்தான், சரியாயிடுச்சு" என்று சொல்லியிருப்பீர்கள்.

சராசரி இடைவெளியைப் போல் மூன்று மடங்கு விழாமல் ஓடினால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கு இறங்கும். அதாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை விழுந்தால் ஆறு நாள் பாருங்கள். பயன்பாடும் அதே அளவு இருக்க வேண்டும். கணினியை அணைத்து வைத்த நாட்கள் கணக்கில் வராது.

இவ்வளவு காத்திருக்க மனமில்லை என்றால், விழுகையைச் சீக்கிரம் வரவழைக்கும் வழியைத் தேடுங்கள். குறிப்பிட்ட கேமின் குறிப்பிட்ட காட்சி, ஒரு கிராபிக்ஸ் பெஞ்ச்மார்க்கின் சுழல் ஓட்டம், இரண்டு மானிட்டரில் இரண்டு வீடியோ, எது வேலைக்கு ஆகிறதோ அது. அரைமணிக்குள் விழவைக்கத் தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் ஒரே மாலையில் முடிகிற வேலை.

## 5. கூடுதல் வேகங்கள் எல்லாவற்றையும் அணையுங்கள்

இதை டிரைவருக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. பத்து நிமிட வேலை, ஒரே அடியில் பாதிச் சந்தேகங்கள் கழிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்ற விதிக்கு நான் இங்கே மட்டும் விலக்குக் கொடுக்கிறேன். முதலில் எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துப் பாருங்கள். கோளாறு நின்றால், ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள்.

பயாஸுக்குள் போவதற்கு முன், இருக்கும் அமைப்புகளைக் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனால் டிஸ்க் கட்டுப்பாட்டு அமைப்பும் மாறி, விண்டோஸ் ஏறாமல் போகலாம். அப்போது அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

அணைக்க வேண்டியவை: ரேமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு), பிராசசர் ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டியது), கர்வ் ஆப்டிமைசர் (ரைசனின் வோல்டேஜ் மாற்றம்), கார்டின் ஓவர்கிளாக், கார்டின் அண்டர்வோல்ட். எக்ஸ்எம்பி பெட்டியிலேயே அச்சிட்ட வேகம்தானே என்பார்கள். ரேம் குச்சிக்கு அந்த வேகம் சரி. உங்கள் பிராசசரில் இருக்கும் மெமரி கட்டுப்பாட்டுக்கும் உங்கள் மதர்போர்டுக்கும் அது ஓவர்கிளாக்தான். நான்கு குச்சி போட்டிருந்தால் இன்னும் சிரமம்.

அண்டர்வோல்ட்டைச் சொல்ல மறப்பவர்கள் நிறைய. "நான் ஓவர்கிளாக் எதுவும் பண்ணலையே" என்பார்கள். வோல்டேஜைக் குறைத்தது பாதுகாப்பான பக்கம் என்று ஒரு நினைப்பு. வெப்பத்துக்கு அது நல்லதுதான். நிலைத்தன்மைக்கு அதுவும் அதே விளிம்பில் நடப்பதுதான்.

DDR5 ரேம் உள்ள கணினியில் பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோன பின் முதல் தொடக்கம் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்கும். ரேமைப் பழக்கிக்கொள்கிறது. செத்துவிட்டது என்று நினைத்து பவரை அணைக்காமல் பொறுங்கள்.

கடையிலிருந்து வந்தபோதே கூட்டிய வேகத்தோடு வரும் கார்டுகளும் உண்டு. என்விடியா என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில், உதவிப் பட்டியலுக்குள் டிபக் (Debug) மோடு இருக்கும். அதைப் போட்டால் கார்டு அடிப்படை வேகத்துக்கு இறங்கும். ஏஎம்டியில் இருக்கும் உச்ச வேகத்திலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் போலக் கழித்துப் பாருங்கள். இதனால் கோளாறு நின்றுவிட்டால், கார்டு தன் விளம்பர வேகத்தைத் தாங்கவில்லை அல்லது அதற்குப் போதிய மின்சாரம் வரவில்லை என்று பொருள்.

## 6. கேபிளும் மானிட்டரும்

சீக்கிரம் முடியும் படி. ஆனால் விடக்கூடாது.

கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். பிறகு வேறு கேபிள், கார்டின் வேறு போர்ட். டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் ஒரு பொறி உண்டு: 20-ஆம் பின் இரு முனையையும் இணைக்கக்கூடாது. தரமில்லாத சில கேபிள்களில் அது இணைந்திருக்கும். மானிட்டரிலிருந்து கார்டுக்குள் மின்சாரம் புகுந்து, தொடங்காமல் போவது, திரை விட்டுவிட்டு அணைவது என்று விநோதமான அறிகுறிகள் வரும்.

மானிட்டரின் புதுப்பிப்பு வேகத்தை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, ஜி சிங்க் அல்லது ஃப்ரீ சிங்க்கை அணைத்துப் பாருங்கள். குறைந்த வேகத்தில் நிலையாக இருந்து, 144-இல் மட்டும் திரை விட்டுவிட்டு அணைந்தால் கேபிளின் திறன் போதவில்லை. இரண்டாவது மானிட்டர் இருந்தால் அதைக் கழற்றி விட்டும் பாருங்கள்.

மானிட்டர் கேபிள் கார்டில்தான் மாட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. மதர்போர்டில் மாட்டிவிட்டுக் கார்டைச் சோதித்துக்கொண்டிருந்தவர்களை நிறையவே பார்த்தாகிவிட்டது.

## 7. டிரைவரைச் சுத்தமாகக் கழற்றி ஏற்றுவது

பழைய டிரைவரின் மேல் புதியதை ஏற்றினால் பழைய அமைப்புகளும் மிச்சங்களும் தங்கலாம். அதனால் இந்த வரிசை.

முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் கெர்னல் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழும்; டிரைவரின் பழைய நிலையும் கூடவே எழும். "அணைச்சுப் போட்டும் போகல, ரீஸ்டார்ட் பண்ணா போகுது" என்பதன் ரகசியம் இதுதான்.

அடுத்து இணையத்தைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கழற்றிய கணமே விண்டோஸ் அப்டேட் தன்னிடமிருக்கும் ஒரு டிரைவரை ஏற்றிவிடும்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு.

அங்கே டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை ஓட்டி, உங்கள் கார்டின் நிறுவனத்தைத் தேர்ந்து, கழற்றி மறுதொடக்கம் என்பதைக் கொடுங்கள். கார்டை என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாற்றியவர்கள் இரண்டையும் கழற்ற வேண்டும்.

சாதாரணமாகத் தொடங்கியதும் பென் டிரைவில் இருக்கும் டிரைவரை ஏற்றி, மறுபடி ஒருமுறை மறுதொடக்கம், பிறகு இணையம்.

எந்த டிரைவர்? கோளாறு ஒரு டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியிருந்தால் அதற்கு முந்தையது. இல்லையென்றால் புதியது. லேப்டாப்பில் முதலில் லேப்டாப் நிறுவனமே தரும் பதிப்பைப் போடுங்கள். இரண்டு கிராபிக்ஸ்களுக்கு இடையே மாறும் ஏற்பாட்டை அவர்கள் அதோடு சேர்த்துச் சோதித்திருப்பார்கள். எல்லா டிரைவரையும் தானே புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் புரோகிராம்கள் பக்கம் போகவேண்டாம்.

பிறகும் விழுந்தால், ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டியவை: விண்டோஸின் ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங், கேம்களின் மேல் மிதக்கும் ஓவர்லேக்கள், ஆர்ஜிபி விளக்கு மென்பொருள். வீடியோ பார்க்கும்போது மட்டும் விழுந்தால் பிரவுசரின் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்.

ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் நேரத்தை 2 நொடியிலிருந்து 10 நொடிக்குக் கூட்டச் சொல்லும் யோசனையும் உங்களிடம் வந்து சேரும். நீண்ட கணக்கீடு செய்யும் முப்பரிமாண மென்பொருள்களுக்கு அது பொருந்தலாம். கேமில் விழும் கணினிக்கு அது மருந்தில்லை. தொங்கிய கார்டு பத்து நொடி தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

## 8. வெப்பத்தை அளந்து பாருங்கள்

ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் சென்சார் பதிவைத் தொடங்கிவிட்டு, விழும்வரை கணினியைப் பயன்படுத்துங்கள். கோப்பின் கடைசிச் சில வரிகள்தான் உங்களுக்கு வேண்டியவை.

சராசரி வெப்பத்தை மட்டும் பார்ப்பது பெரும் தவறு. சிப்பின் மிகச் சூடான புள்ளியும் மெமரி வெப்பமும் தனித்தனி வரிகளில் இருக்கும். சிப் 70 டிகிரியில் சொகுசாக இருக்கும்போதே மெமரி 100-ஐத் தாண்டியிருக்கலாம். சராசரிக்கும் சூடான புள்ளிக்கும் இடையே 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே உள்ள பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது ஹீட்சிங்க் சரியாக அழுந்தவில்லை. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியில் தன் வேகத்தைத் தானே குறைக்கும். ஏஎம்டியின் பல ரேடியான் கார்டுகளில் சூடான புள்ளிக்கும் 110 தான் எல்லை.

கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே கேமை ஓட்டுங்கள். விழுகை நின்றால் காற்றோட்டம்தான் பிரச்சினை. தூசியை ஊதும்போது விசிறி இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

## 9. மின்சாரம்

எஸ்எம்பிஎஸ் மேல் எழுதியிருக்கும் வாட் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். கார்டுகள் இழுக்கும் மின்சாரம் சீராக இருப்பதில்லை. மிகச் சிறு நேரத்துக்குச் சராசரியை விட மிக அதிகமாகத் துள்ளும். பழைய அல்லது தரம் குறைந்த எஸ்எம்பிஎஸ் அந்தத் துள்ளலில் தடுமாறும். மென்பொருளில் 12 வோல்ட் வரியைப் பார்த்து 11.4-க்குக் கீழே போகவில்லையே என்று நிம்மதி அடைவதும் போதாது; சென்சார் ஒரு நொடிக்கு ஓரிரு முறைதான் படிக்கிறது, துள்ளல் அதற்குள் வந்து போய்விடும்.

காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். பிரேம் கொஞ்சம் குறையும். விழுகை நின்றுவிட்டால், மின்சாரமோ வெப்பமோ காரணம் என்ற வட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள். முந்தைய படியில் வெப்பம் கழிந்திருந்தால் மிச்சம் மின்சாரமும், வலுவிழந்த கார்டும்தான்.

இப்போது கேபிளைப் பாருங்கள். ஸ்லாட் வழியாக 75 வாட், 8 பின் இணைப்பு ஒவ்வொன்றிலும் 150 வாட் என்பது கணக்கு. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், ஒரே கேபிளில் தொங்கும் இரட்டை முனைகளைப் போடாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் இழுங்கள். புதிய 12 பிளஸ் 4 பின் இணைப்பு கடைசிவரை உள்ளே போயிருக்க வேண்டும். இடைவெளி தெரியக்கூடாது, முனையை ஒட்டி வளைக்கவும் கூடாது. பாதி மாட்டிய இணைப்பு சூடேறி உருகிய நிகழ்வுகள் உண்டு.

கேபிள் போதவில்லை என்று பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை எடுத்துப் புதியதில் மாட்டாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும். டிஸ்க்கோ மதர்போர்டோ ஒரு நொடியில் போய்விடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் நிற்கும்.

## 10. கார்டைக் கழற்றி மாட்டுவது

எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கேபினட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

திருகாணிகள், மின்கேபிள், பிறகு ஸ்லாட்டின் கொக்கி. கொக்கியை விடுவிக்காமல் இழுத்து ஸ்லாட்டை உடைப்பது வழக்கமான விபத்து. தங்கநிறத் தொடர்புகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்து, உலர்ந்ததும் கொக்கி சத்தத்தோடு விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். கனமான கார்டு முன்பக்கம் தொங்கினால் முட்டுக் கொடுங்கள். தொங்கல் ஸ்லாட் தொடர்பைக் கெடுக்கும்.

கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதைக் கழற்றி நேரடியாக மாட்டிச் சோதியுங்கள். நேராக மாட்ட முடியாத கேபினட் என்றால், பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 4-லிருந்து (Gen 4, நான்காம் தலைமுறை) ஜென் 3-க்கு இறக்குங்கள். வேக இழப்பு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. மூன்றாம் தலைமுறை ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டை ஓட்டித்தான் பலருக்கு இந்தத் தலைவலி. வீயா 17 பதிவுகள் இதனால் நின்றுவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது.

சும்மா இருக்கும்போது விழுகிறவர்கள் விண்டோஸின் பவர் அமைப்புகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் மின்சேமிப்பை அணைத்தும் பார்க்கலாம்.

## 11. கிராபிக்ஸ் வேடம் போடும் ரேமும் பிராசசரும்

ரேமில் ஒரு பிட் புரண்டாலும் அது டிரைவரின் கோளாறாக வெளிவரலாம். மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, நான்கு சுற்று ஓட்டுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். "ரெண்டே ரெண்டு எரர்தான்" என்று சமாதானம் சொல்லக்கூடாது. ஒன்று வந்தாலும் தோல்வி. எக்ஸ்எம்பியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டினால் குச்சி கெட்டதா, வேகம் தாங்கவில்லையா என்று பிரிந்துவிடும்.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர் உங்களிடம் இருந்தால் இந்தப் பத்தி உங்களுக்கானது. இவற்றில் வலுவான மாடல்கள், தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்க் காலப்போக்கில் நிலைகுலைவது 2024-இல் வெளியே வந்தது. அன்ரியல் எஞ்சினில் ஓடும் கேம்களில் இதன் அறிகுறி, வீடியோ மெமரி போதவில்லை என்ற செய்தி. கார்டில் மெமரி தாராளமாக இருக்கும்போதே அப்படி வரும். பார்த்தவர்கள் கார்டை மாற்றினார்கள். கோளாறு பிராசசரில் இருந்தது. மதர்போர்டின் புதிய பயாஸை ஏற்றினால் திருத்திய மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) வந்துவிடும். ஆனால் அது மேலும் கெடாமல் காக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது.

## 12. கார்டுதான் என்று உறுதி செய்வது

இதுவரை எதிலும் நிற்கவில்லை என்றால் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, பிராசசரின் கிராபிக்ஸில் சில நாள் ஓட்டுங்கள். 4-ஆம் படியின் மூன்று மடங்குக் கணக்கு இங்கும் பொருந்தும். விழுந்தால் கார்டு நிரபராதி. விழாவிட்டால் சந்தேகம் கூடும், ஆனால் உறுதியாகாது: கார்டு இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸின் சுமையும் குறைந்துவிட்டதே.

அதனால் உறுதியான சோதனை கார்டை இன்னொருவர் கணினியில் மாட்டுவதுதான். அங்கேயும் அதே மாதிரி விழுந்தால் முடிந்தது. அவருடைய எஸ்எம்பிஎஸ் உங்கள் கார்டைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். சோதனை அவர் தலையில் விடியக்கூடாது.

இன்னொருவர் கணினி கிடைக்காதவர்கள் மெம்டெஸ்ட் வல்கன் அல்லது ஓசிசிடியின் வீடியோ மெமரி சோதனையை ஓட்டலாம். அடிப்படை வேகத்தில், குறைந்த வெப்பத்தில் அது பிழை காட்டினால் கார்டின் மெமரி கெட்டிருக்கிறது. ஃபர்மார்க் (கார்டுக்கு முழுச் சுமை தரும் சோதனைப் புரோகிராம்) அரைமணி தாங்கியது என்பதை மட்டும் சான்றாக எடுக்காதீர்கள். அந்தச் சுமையில் கார்டு பவர் எல்லையை முட்டித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேமில் விழும் கார்டுகள் பலவும் விழுவது உச்ச வேகத்தில், சுமை ஏறி இறங்கும் கணத்தில். ஃபர்மார்க்கில் அந்தக் கணம் வருவதே இல்லை.

வாரன்டிக்கு அனுப்பும்போது "அடிக்கடி கிராஷ்" என்று மட்டும் எழுதினால், அவர்கள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கோளாறு இல்லை என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். உங்கள் காகிதத்தில் இருப்பதை எழுதுங்கள்: எந்தப் புரோகிராம், எத்தனை நிமிடத்தில் விழுகிறது, என்ன பதிவு எண், வேறு எஸ்எம்பிஎஸ்ஸிலும் வேறு கணினியிலும் சோதித்தது, ரேம் சோதனையின் முடிவு. கார்டின் பயாஸை மாற்றி எழுதியிருந்தால் பழையதைத் திரும்பப் போட்டுவிட்டு, வரிசை எண் தெரிய ஒரு படம் எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். வாரன்டி முடிந்த கார்டை ஓவனில் (சூளை அடுப்பில்) வைத்துச் சுடும் வைத்தியம் வேண்டாம். சில வாரம் ஓடி மறுபடி சாகும், ஓவனிலும் உணவு சமைக்க முடியாமல் போகும்.